டேப்லெட்டில் ஆபீஸ் செயலிகள்: இலவசம் எது, வாடகை எது?

அத்தியாயம் 6

டேப் வாங்கப் போகிறவர்கள் கடையில் தவறாமல் கேட்பது: “இதுல வேர்டு, எக்செல் வருமா?” கடைக்காரர், “எல்லாம் வரும்” என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. செயலி இறங்கும், ஃபைல் திறக்கும், படிக்கவும் முடியும். வீட்டுக்கு வந்து ஒரு எண்ணைத் திருத்தப் போகும்போதுதான் சில டேப்களில் “சந்தா கட்டுங்கள்” என்ற பெட்டி எழும்பும். அதற்குள் பில் போட்டாகிவிட்டது, பெட்டியும் கிழித்தாகிவிட்டது.

நம் உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள். எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் டேப்பில் எழுத வேண்டியவர்கள் இன்று இருக்கிறார்கள். மாதக் கூட்டம் முடிந்ததும் சேமிப்பும் கடனும் பதிவு செய்யும் மகளிர் குழு ஊக்குநர், பாக்கிப் பட்டியல் வைத்திருக்கும் உரக்கடைக்காரர், கல்லூரி அசைன்மென்ட் அடிக்கும் பிள்ளைகள், வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் என்று பட்டியல் நீளும். 2024இல் தமிழக அரசு சுமார் 80,000 தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி கொடுக்கத் தொடங்கியது. இப்படி டேப்பில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆபீஸ் செயலிக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கத் தேவை இல்லை. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்தச் செயலி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், டேப்பை அதற்குப் பிறகு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. அதுவும் கீழே வருகிறது.

ஒரு தாளும் பேனாவும்

கடைக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள்.

1. கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் கணினியில் செய்த வேலைகளையும், பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துச் செய்வித்த வேலைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். மனு, குழுக் கணக்கு, பயோடேட்டா, பாக்கிப் பட்டியல், திருமண மொய்க் கணக்கு, எதையும் விட வேண்டாம்.
2. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த ஃபைலை உங்களைத் தவிர யார் திறப்பார்கள் என்று எழுதுங்கள். வங்கியா, கல்லூரியா, ஆடிட்டரா, யாரும் இல்லையா?
3. அவர்கள் திருத்தி அனுப்புவார்களா, வெறுமனே படிப்பார்களா என்று குறியுங்கள். படிப்பதோடு சரி என்றால் பிடிஎஃப் போதும். அங்கே எந்தச் செயலியில் செய்தீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை.
4. மாதத்துக்கு எத்தனை பக்கம் பிரிண்ட் எடுக்கிறீர்கள் என்று போடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வரிகளில் “திருத்தி அனுப்புவார்கள், வேர்டு வடிவம் மாறக்கூடாது” என்று எங்குமே வரவில்லையா? உங்களுக்கு மைக்ரோசாஃப்ட் சந்தா வேண்டாம். ஆடிட்டரோ கம்பெனியோ எக்செல் ஃபைலாகவே கேட்டுத் திருத்தித் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால் மட்டும் மேற்கொண்டு யோசியுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சந்தா கட்டினாலும் டேப்பில் வராத வேலைகள் உண்டு. எக்செல்லில் மேக்ரோ ஓட்டுவது ஆண்ட்ராய்டு டேப்பிலும் ஐபேடிலும் நடக்காது. ஒரே கடிதத்தில் நாற்பது பேரின் பெயரும் முகவரியும் தானாக மாறி மாறி விழும் மெயில் மெர்ஜ் வசதியும் டேப் வேர்டில் கிடையாது. உங்கள் பட்டியலில் இந்த இரண்டில் ஒன்று இருந்தால், அந்த வேலைக்கு மட்டும் கணினி உள்ள இடத்துக்குப் போவது மலிவு. ஆண்டுக்கு நான்கு முறை வரும் வேலைக்காக ஆண்டு முழுவதும் பணம் கட்ட வேண்டாம்.

10.1 அங்குலம் என்ற எல்லைக்கோடு

மைக்ரோசாஃப்ட் ஐபேடுக்கான வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் செயலிகளை 2014 மார்ச்சில் வெளியிட்டபோது படிப்பது இலவசம், திருத்துவதற்குச் சந்தா என்றிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அடிப்படைத் திருத்தங்களை இலவசமாக்கியது. அந்த இலவசத்துக்குத் திரையின் அளவை வைத்து இப்போது ஒரு வரம்பு இருக்கிறது. 10.1 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள திரையில், சொந்த வேலைக்குத் திருத்துவது இலவசம். அதற்கு மேல் போனால் சந்தா கட்டினால்தான் திருத்த முடியும்.

இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல் போனதால்தான் பலர் கைக்காசு இழக்கிறார்கள். ஏனென்றால் இன்று கடையில் கிடைக்கும் டேப்களில் பெரும்பகுதி 10.1ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோதான் இருக்கின்றன. 10.2 அங்குல ஐபேட் எல்லைக்கு வெளியே; மயிரிழை வித்தியாசம்தான், இருந்தாலும் வெளியேதான். 10.5, 10.9, 11 அங்குலம் எல்லாமே வெளியே. 8.7 அங்குலச் சின்ன டேப் உள்ளே.

பெட்டியின் மேல் செ.மீ. அளவு அச்சிட்டிருக்கும். 25.65 செ.மீ. என்பதுதான் 10.1 அங்குலம். 27.94 என்று இருந்தால் 11 அங்குலம். பெட்டி இல்லாமல் பழைய டேப் வாங்குகிறீர்கள் என்றால்:

1. டேப்பை ஆன் செய்து வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்கள்.
2. ஒளிரும் பகுதியின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளவு நாடாவைப் பிடியுங்கள். சுற்றியுள்ள கறுப்பு விளிம்பைச் சேர்க்காதீர்கள்.
3. அளவு எல்லையை ஒட்டி வந்தால் நாடாவை நம்பாமல் மாடல் எண்ணை அமைப்புகளில் பார்த்து, அந்தக் கம்பெனியின் தளத்தில் சரிபாருங்கள்.
4. முடிந்தால் கடையிலேயே எக்செல் செயலியை இறக்கி, உங்கள் கணக்கில் நுழைந்து, ஒரு கட்டத்தில் எண் அடித்துச் சேமித்துப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள்.

எல்லைக்குள் இருந்தாலும் எல்லாமே கிடைத்துவிடாது. வேர்டில் ஒரு பக்கத்தை மட்டும் படுக்கை வாக்கில் திருப்புவது, செய்தித்தாள் மாதிரி பத்தி பிரிப்பது, மற்றவர் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக ஏற்பது போன்ற சில வசதிகள் சந்தாக்காரர்களுக்கே. மனுவுக்கும் கணக்குக்கும் இவை தேவைப்படுவதில்லை.

அடுத்தது, இலவசம் என்பது சொந்த, வியாபாரம் சாராத உபயோகத்துக்கு மட்டும். நெல் மண்டிக் கணக்கு, கடை பில், கம்பெனி வேலை எல்லாம் அதில் அடங்காது. இன்னும் சொன்னால், மைக்ரோசாஃப்டின் பர்சனல், ஃபேமிலி சந்தாக்களும் அதே வகைதான். வியாபாரத்துக்கு அவர்களின் பிசினஸ் சந்தா தனியாக இருக்கிறது. கடை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி அடுத்த பகுதியில்.

காசு கொடுக்காமல் கிடைப்பவை

*கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ்.* திரை எந்த அளவாக இருந்தாலும் திருத்துவது இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். குழுவில் மூன்று பேர் ஒரே கணக்கை மூன்று போனில் பார்க்கலாம், ஒருவர் பதிந்ததும் மற்றவருக்குத் தெரியும். 11 அங்குல டேப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், சின்னக் கடை வைத்திருப்பவர்கள் இருவருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால், கட்டங்களும் லெட்டர்ஹெட்டும் நிறைந்த வேர்டு ஃபைலைத் திறந்தால் அமைப்பு கொஞ்சம் கலையும். மற்றொன்று இடம்: 15 ஜிபி இலவசம், ஆனால் அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. கணக்கு ஃபைல் அதை நிரப்பாது. காது குத்து வீடியோதான் நிரப்பும்.

*ஐபேட் வைத்திருப்போர்* பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் மூன்றையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். 2017 முதல் எல்லா ஆப்பிள் பயனருக்கும் இலவசம். வேர்டு, எக்செல் வடிவத்தில் ஏற்றுமதி செய்யவும் முடியும்.

*கொலாபரா ஆபீஸ்.* லிப்ரே ஆபீஸை அடிப்படையாகக் கொண்டது. ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் இலவசம், விளம்பரம் இல்லை. ஃபைல் டேப்பிலேயே இருக்கும். இணையக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்குப் பொருத்தம். பழைய, மெதுவான டேப்பில் சற்றுத் திணறும்.

*பள்ளி, கல்லூரி மின்னஞ்சல்.* பல கல்லூரிகள் மைக்ரோசாஃப்ட் அல்லது கூகுளின் கல்வித் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. அப்படியானால் கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் ஆபீஸ் செயலிகள் இலவசமாகக் கிடைக்கலாம். சந்தா கட்டும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சல் மூடப்படலாம் என்பதால், கடைசி செமஸ்டரிலேயே ஃபைல்களைச் சொந்தக் கணக்குக்கு நகர்த்திவிடுங்கள்.

விளம்பரத்தோடு வரும் இலவச ஆபீஸ் செயலிகளும் உண்டு. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. கடன் பேரேட்டில் எண் அடிக்கும் நேரத்தில் திரை முழுக்க ஒரு வீடியோ வந்து, அதை மூடப் போய் வேறெங்கோ தொட்டு, தெரியாத செயலி ஒன்று இறங்குவதற்கு வழி ஆகிவிடுகிறது. வயதானவர்கள் கையிலுள்ள டேப்பில் இது வேண்டவே வேண்டாம்.

மூன்றாண்டுக் கணக்கு போடுங்கள்

சந்தா என்பது வீட்டு வாடகை மாதிரி. கட்டுவதை நிறுத்தும் நாளில் நம்முடையது என்று எதுவும் மிஞ்சாது. அதனால் ஒரு மாத விலையைப் பார்க்காதீர்கள், டேப் உழைக்கும் மூன்றாண்டுக்குப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் சந்தா இந்தியாவில் ஆண்டுக்கு 4,899 ரூபாயாக இருந்தது. 2025இல் கோபைலட் என்ற ஏஐ வசதியைச் சேர்த்து 6,899 ஆக உயர்த்தினார்கள். மாதாமாதம் கட்டினால் 689. பன்னிரண்டு மாதத்துக்கு 8,268 ஆகிறது. ஆண்டுக் கட்டணத்தைவிட 1,369 ரூபாய் கூடுதல். ஆறு பேர் வரை சேரும் ஃபேமிலி சந்தா ஆண்டுக்கு 8,199. அது ஒரே வீட்டாருக்கானது. மகளிர் குழுவில் ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்ள அல்ல. விலை மாறிக்கொண்டே இருப்பதால் நீங்கள் வாங்கும் நாளின் விலையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குழு ஊக்குநரை எடுத்துக்கொள்வோம். மாதம் பத்துப் பக்கம் பிரிண்ட், பக்கத்துக்கு 5 ரூபாய் என்று வைத்தால் மூன்றாண்டுக்கு 1,800. புளூடூத் கீபோர்டு 1,200 ரூபாய் என்று கொள்வோம். இந்த 3,000 எந்த வழியில் போனாலும் உண்டு. அதற்கு மேல்:

1. 8.7 அங்குல டேப், மைக்ரோசாஃப்டின் இலவசச் செயலி: சந்தா 0. மொத்தம் 3,000.
2. 11 அங்குல டேப், கூகுள் ஷீட்ஸ்: சந்தா 0. மொத்தம் 3,000. இடம் போதாமல் 100 ஜிபி வாங்கினால் ஆண்டுக்கு 1,300 வீதம் 3,900 கூடி 6,900.
3. 11 அங்குல டேப், மைக்ரோசாஃப்ட் பர்சனல்: 6,899 வீதம் மூன்றாண்டுக்கு 20,697. மொத்தம் 23,697. இதில் 1 டிபி இடம் சேர்த்தி.

செய்யும் வேலை மூன்றிலும் ஒன்றுதான்: பன்னிரண்டு பேரின் சேமிப்பு, கடன், வட்டி. மூன்றாவது வழியில் போகும் பணத்தில் இன்னொரு டேப் வாங்கலாம். எக்செல் ஃபைலை ஆடிட்டரோடு நாள்தோறும் பரிமாறுகிறவருக்கு, வீட்டில் ஏற்கெனவே கணினியும் இருக்கிறவருக்கு இந்தத் தொகை நியாயமாகப்படலாம். ஒரே சந்தா அந்தக் கணினிக்கும் சேர்த்துத்தான். அவர்களை நான் தடுக்கவில்லை.

பலர் கணக்கில் சேர்க்க மறப்பது அலைச்சல். டேப் பழுதானால் பெரும்பாலும் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த இரண்டு நாள் சம்பளமும் டேப்பின் செலவுதான்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* “ஒரே தடவை காசு, ஆயுசுக்கும் ஆபீஸ்” என்று சொல்லி ஒரு கீ எண்ணை விற்பார்கள். ஒரே முறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ், முறைப்படி வாங்கியதே ஆனாலும், ஒரு கணினிக்கானது. 11 அங்குல டேப்பில் திருத்தும் உரிமையை அது தராது.

தமிழ் எழுத்து: யாரும் பில் போடாத செலவு

நம் பக்கத்தில் டிடிபி செய்து வைத்த பழைய ஃபைல்கள் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் தமிழாகத் தெரிந்தது. டேப்பில் திறந்தால், பாமினியில் அடித்த ‘கணக்கு’ என்ற சொல் எஃப், இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப் என்று ஆங்கிலக் குப்பையாக நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டதாக நினைத்து முழுவதையும் மறுபடி டைப் அடிக்கக் காசு கொடுக்கிறார்கள். தேவையே இல்லை.

1. பழைய ஃபைலின் ஒரு பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.
2. அது எந்த எழுத்துரு என்று கணினியில் திறந்து பார்த்து எழுதி வையுங்கள்.
3. எழுத்துருமாற்றி மென்பொருளில் போட்டு யுனிகோடாக மாற்றுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் மாற்றியையும் யுனிகோடு எழுத்துருக்களையும் இலவசமாகவே வழங்குகிறது.
4. மாற்றியதை வரி வரியாகப் படித்துச் சரிபாருங்கள். இடையில் உள்ள ஆங்கிலப் பெயரும் ஊர்ப் பின்கோடும் சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம்.
5. இனி எதை அடித்தாலும் யுனிகோடிலேயே அடியுங்கள். தமிழக அரசே 2010இல் யுனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது.

டேப்பில் தமிழ் அடிக்கத் தனியாகக் காசு வேண்டாம். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டில் தமிழைச் சேர்த்தால் விசை, உச்சரிப்பு, குரல் மூன்று வழியும் கிடைக்கும். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனின் செல்லினமும் இலவசம். ஐபேடில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் கூடவே வருகின்றன. குரலில் சொல்லி எழுதினால் பத்தி வேகமாக நகரும். எண்களை மட்டும் கையால் அடியுங்கள். “நூத்தி இருபது” என்று சொன்னதை அது என்னவாக எடுத்துக்கொண்டது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நெட் இல்லாத இடத்தில்

கூட்டம் நடக்கிற வேப்பமரத்தடியில் சிக்னல் ஒரு கோடு காட்டும், அல்லது அதுவும் இருக்காது. முந்தைய நாளே செய்ய வேண்டியது:

1. ஷீட்ஸ் செயலியில் உங்கள் ஃபைலின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, ஆஃப்லைனில் கிடைக்கச் செய்யும் தேர்வை ஆன் செய்யுங்கள்.
2. விமானப் பயன்முறையைப் போட்டு, ஃபைலைத் திறந்து, ஒரு எண் அடித்து அழித்துப் பாருங்கள். வீட்டிலேயே இந்தச் சோதனையை முடியுங்கள்.
3. கூட்டத்தில் ஒருவர் மட்டும் பதியுங்கள். இரண்டு பேர் நெட் இல்லாமல் ஒரே கட்டத்தைத் திருத்தினால், நெட் வந்ததும் யாருடைய எண் நிற்கும் என்று சொல்ல முடியாது.
4. வீடு திரும்பியதும் நெட்டை ஆன் செய்து, செயலியைத் திறந்து, ஃபைல் சேமிக்கப்பட்டதாகக் காட்டும் வரை மூடாதீர்கள்.

டேப்பில் சிம் போடும் வசதிக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். கணக்கு வேலைக்கு வேண்டாம். போனின் ஹாட்ஸ்பாட் போதும். தனி சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் என்று இன்னொரு செலவு கிளம்பும்.

குழுவின் ரொக்கப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் நிறுத்திவிடாதீர்கள். கையெழுத்து வாங்குவதும் வங்கிக்குக் காட்டுவதும் அவற்றில்தான். டேப் கூட்டிக் கழிக்கவும் பிரதி வைத்துக்கொள்ளவும் உதவும்.

பிரிண்ட்: பிடிஎஃப் ஆக்கிய பிறகே

ஜெராக்ஸ் கடையில் வேர்டு ஃபைலைக் கொடுத்தால் அங்குள்ள கணினியில் எழுத்துரு மாறி, ஒரு பக்க மனு ஒன்றேகால் பக்கம் ஆகும். இரண்டாவது பக்கத்தில் “இப்படிக்கு” மட்டும் தனியாக நிற்கும். கூகுள் டாக்ஸில் மூன்று புள்ளி, பகிர்வு மற்றும் ஏற்றுமதி, பிரதி அனுப்பு, பிடிஎஃப் என்ற வரிசையில் போங்கள். வேர்டிலும் பிடிஎஃப் ஆகப் பகிரும் வசதி இருக்கிறது. பிறகு அந்த பிடிஎஃப்பைத் திறந்து கடைசி வரி வரை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கடைக் கணினியில் உங்கள் ஜிமெயிலைத் திறக்காதீர்கள். பென் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கணினியிலிருந்து ஃபைலை அழிக்கச் சொல்லி, கண் முன்னால் அழிப்பதைப் பாருங்கள். ஆதார் எண் கொண்ட தாள் என்றால் இது கட்டாயம். எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதார் நகலை ஆதார் தளத்திலிருந்தே எடுக்கலாம். ஏற்கும் இடங்களில் அதைக் கொடுங்கள்.

தாளை ஸ்கேன் செய்யத் தனிச் செயலி தேடி அலைய வேண்டாம். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. கேம்ஸ்கேனர் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. வேறு தளங்களிலிருந்து அதை இறக்கித் தருகிறேன் என்பவரிடம் டேப்பைக் கொடுக்காதீர்கள்.

சந்தாவை முறையாக நிறுத்துவது

“ஒரு மாதம் இலவசம்” என்று தொடங்கும்போது கார்டோ யுபிஐயோ கேட்பார்கள். மாதம் முடிந்ததும் பணம் தானாகப் போகும். செயலியை டேப்பிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பதுதான் இதில் எல்லாரும் செய்யும் தவறு. நிற்காது.

1. இலவச மாதம் தொடங்கிய அன்றே, அது முடிவதற்கு மூன்று நாள் முன்பாகப் போனில் அலாரம் வையுங்கள்.
2. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட் மற்றும் சந்தாக்கள் பகுதிக்குப் போய், அந்தச் சந்தாவை ரத்து செய்யுங்கள்.
3. ஐபேடில் அமைப்புகள், உங்கள் பெயர், சந்தாக்கள் என்று போங்கள். இலவச காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட வேண்டும்.
4. மைக்ரோசாஃப்ட் தளத்தில் நேரடியாகக் கட்டியிருந்தால் பிளே ஸ்டோரில் அது தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும்.
5. யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். அங்கே அந்த அனுமதி இன்னும் உயிரோடு இருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2021 அக்டோபர் முதல் இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வங்கி எஸ்எம்எஸ்களை விளம்பரம் என்று ஒதுக்காமல் படியுங்கள்.

சந்தா முடிந்தால் ஃபைல்கள் உடனே மறைந்துவிடாது. 11 அங்குல டேப்பில் படிக்க மட்டும் முடியும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் சேமிப்பிடம் 5 ஜிபிக்குச் சுருங்கும். அதற்கு மேல் வைத்திருந்தால் புதிதாக எதுவும் ஏற்ற முடியாது. ஆகவே நிறுத்தும் முன்பே எல்லாவற்றையும் இறக்கி வேறிடத்தில் வையுங்கள்.

கணக்கு யார் பெயரில்?

டேப் வாங்கிய கடையில் “நானே போட்டுத் தரேன்” என்று கடைக்காரர் அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டில் ஜிமெயில் ஒன்றைத் திறந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. உதவியாகத்தான் செய்கிறார். ஆனால் பாஸ்வேர்டு மறந்த அன்று மீட்புக்கான போன் எண்ணும் அவருடையதாக இருக்கும். கணக்கை நீங்களே திறங்கள், மீட்பு எண் உங்களுடையதாக இருக்கட்டும், இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

குழுக் கணக்குக்கு ஊக்குநரின் சொந்த ஜிமெயிலைப் பயன்படுத்தாதீர்கள். குழுவின் பெயரில் தனியாக ஒன்று திறந்து, மீட்பு எண்ணாக ஊக்குநருடையதையும் மீட்பு மின்னஞ்சலாகக் குழுப் பிரதிநிதியுடையதையும் கொடுங்கள். பொறுப்பு மாறும் கூட்டத்திலேயே இரண்டையும் மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்கின்றன. இந்த ஊரில் கணக்கை ஒப்படைப்பது யாருக்கும் புதிய பழக்கம் இல்லை. இரண்டாண்டு திறக்காமலே கிடக்கும் கணக்கைக் கூகுள் நீக்கிவிடக்கூடும் என்பதால், செயல்படாத குழுவின் கணக்கையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

அரசு கொடுத்த கையடக்கக் கணினியில் ஆசிரியர்கள் சொந்தச் சந்தாவையும் குடும்பப் படங்களையும் வைக்காமலிருப்பது நல்லது. மாறுதலாகிப் போகும்போது கருவியைத் திருப்பிக் கொடுக்க நேரலாம்.

‘பிரீமியம் இலவசம்’ என்று டெலிகிராமில் வரும் ஏபிகே ஃபைல்களைத் தொடாதீர்கள். ஆபீஸ் வசதிக்காக அதை நிறுவினால், அதே டேப்பில் வரும் ஓடிபியைப் படிக்கும் வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி நிறுத்த வாய்ப்பு.

டேப்பை விற்கும்போதோ கொடுக்கும்போதோ

1. எல்லா ஃபைல்களும் இணையச் சேமிப்பிலோ பென் டிரைவிலோ இருப்பதை வேறொரு போனில் திறந்து உறுதி செய்யுங்கள்.
2. சந்தாக்களை மேலே சொன்னபடி நிறுத்துங்கள்.
3. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் போய்க் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபேடில் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைத்துக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இதைச் செய்யாமல் அழித்தால், வாங்கியவரிடம் டேப் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும்.
4. அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். முடிந்ததும் வரவேற்புத் திரை வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையில் கொடுங்கள்.